அண்டத்தின் ஹைட்ரஜனை உடைத்த திரள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியல் பற்றிப் பேசப் போகும் இடங்களில், பேச்சு முடிந்ததும் உயரும் கைகள் பெரும்பாலும் இதே சந்தேகங்களோடுதான் உயர்கின்றன. மிகத் தொலைவிலுள்ள விண்மீன் திரள்களை ஏன் இவ்வளவு பாடுபட்டுத் தேடுகிறார்கள்? தொடக்க கால அண்டத்தை மறுபடி அயனியாக்கியவை அவைதான் என்பதற்கு என்ன சாட்சி? கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. போகப் போக முடிச்சு இறுகும்.

மறு அயனியாக்கம் என்கிறீர்களே, அந்த 'மறு' எங்கிருந்து வந்தது? முதல் தடவை எப்போது நடந்தது?

பெருவெடிப்புக்குப் பின் முதல் 3,80,000 ஆண்டுகள் அண்டம் கொதிக்கும் பிளாஸ்மாவாக இருந்தது. புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் தனித்தனியே திரிந்தன. எங்காவது ஒட்டிக்கொண்டாலும் வெப்பம் உடனே பிரித்துவிடும். அண்டம் விரிந்து, ஏறக்குறைய 3,000 கெல்வினுக்குக் குளிர்ந்த பிறகுதான் இரண்டும் சேர்ந்து நடுநிலை ஹைட்ரஜன் அணுக்களாயின. அப்போது விடுபட்ட ஒளியைத்தான் இன்று அண்ட நுண்ணலைப் பின்னணியாகப் பிடிக்கிறோம்.

அதன் பிறகு பல கோடி ஆண்டுகள் விண்மீன் ஒன்றுகூட இல்லாத இருட்டு. பின்னர் முதல் விண்மீன்கள் பிறந்தன. அவற்றின் புறஊதா ஒளி, வெளியெங்கும் பரவிக் கிடந்த ஹைட்ரஜனை மீண்டும் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் உடைத்தது. இந்த உடைப்புக்குத்தான் அயனியாக்கம் என்று பெயர். முதலில் உடைந்தே இருந்தது, பிறகு சேர்ந்தது, மறுபடி உடைந்தது. 'மறு' வந்த வழி இதுதான். திரள்களுக்கு இடையே உள்ள வாயு இன்றும் உடைந்த நிலையிலேயே இருக்கிறது.

இது எப்போது நடந்தது? ஒரே வீச்சில் முடிந்துவிட்டதா?

இல்லை, பல கோடி ஆண்டுகள் இழுத்தது. ஒவ்வொரு திரளும் தன்னைச் சுற்றி ஓர் அயனிக் குமிழியை ஊதியது. குமிழிகள் வளர்ந்து ஒன்றையொன்று தொட்டு, கலந்து, கடைசியில் நடுநிலை ஹைட்ரஜன் தீவுகளாக மட்டும் மிஞ்சி, அவையும் கரைந்தன. பெருவெடிப்பிலிருந்து சுமார் 100 கோடி ஆண்டுகளில் வேலை முடிந்துவிட்டது. பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீடுகளை வைத்துப் பார்த்தால், பாதி வேலை முடிந்த காலம் ஏறக்குறைய 70 கோடி ஆண்டு.

முடிவுக் காலத்துக்கு வலுவான சாட்சி குவாசர்களிடமிருந்து வந்தது. குவாசர் என்பது, பெருங்கருந்துளை வாயுவை விழுங்கும்போது பேரொளி வீசும் திரள் மையம். வழியில் நடுநிலை ஹைட்ரஜன் கொஞ்சம் இருந்தாலே குவாசர் ஒளியின் ஒரு பகுதி முழுவதுமாக விழுங்கப்படும் என்று 1965-இல் ஜேம்ஸ் கன், புரூஸ் பீட்டர்சன் இருவரும் கணித்தார்கள். அந்தத் தடயம் கிடைக்க 36 ஆண்டுகள் ஆயின. 2001-இல் கண்ட ஒரு குவாசரின் நிறமாலை வரைபடத்தில், வலப்புறம் மேடு பள்ளமாக ஏறி இறங்கும் கோடு, ஓர் இடத்தில் செங்குத்தாக விழுந்து, பிறகு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். அருகிலுள்ள குவாசர்களில் அதே பகுதி சீப்புப் பற்களைப் போல இருக்கும். அங்கங்கே வெட்டுப்பட்டாலும் ஒளி வரும். இதில் ஒன்றுமே வரவில்லை. மறு அயனியாக்கத்தின் வால் நுனியை முதன்முதலாகத் தொட்ட இடம் அது.

செம்பெயர்ச்சி 7, செம்பெயர்ச்சி 14 என்று எண்ணாகவே சொல்கிறார்கள். அதை எப்படிப் புரிந்துகொள்வது?

அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒளி கிளம்பியதிலிருந்து அண்டம் அத்தனை மடங்கு விரிந்திருக்கிறது. ஒளியின் அலைநீளமும் அத்தனை மடங்கு நீண்டிருக்கிறது. செம்பெயர்ச்சி 7 என்றால் எட்டு மடங்கு. அப்போது அண்டத்தின் வயது சுமார் 77 கோடி ஆண்டு. செம்பெயர்ச்சி 14 என்றால் பதினைந்து மடங்கு, வயது சுமார் 30 கோடி ஆண்டு. இன்றைய வயது 1,380 கோடி.

1,350 கோடி ஆண்டு பழைய ஒளி என்கிறார்கள், இன்னோர் இடத்தில் தொலைவு 3,300 கோடி ஒளியாண்டு என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. முதலாவது ஒளி பயணம் செய்த காலம். இரண்டாவது, அந்தத் திரள் இருந்த இடம் இன்று நம்மிடமிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. ஒளி வந்துகொண்டிருக்கும்போதே இடைவெளியும் விரிந்தது. அதனால்தான் இரண்டாவது எண் பெரியது. குழப்பத்தைத் தவிர்க்க நான் 'பெருவெடிப்புக்குப் பின் இத்தனை ஆண்டு' என்றே சொல்வேன்.

ஹைட்ரஜனை உடைக்க எந்த விண்மீன் ஒளியும் போதாதா? சூரியன் போன்றவை செய்திருக்க முடியாதா?

முடியாது. ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க ஒரு ஃபோட்டானுக்கு, அதாவது ஓர் ஒளித்துகளுக்கு, குறைந்தது 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும்; அதாவது அலைநீளம் 91.2 நானோமீட்டருக்குள் இருக்கவேண்டும். இதற்கு மேல் அலைநீளமுள்ள ஒளி எத்தனை கோடி மடங்கு வந்தாலும் பலன் இல்லை. 5,800 கெல்வின் மேற்பரப்புள்ள சூரியனிடமிருந்து அத்தகைய ஃபோட்டான் ஏறக்குறைய வருவதே இல்லை. 30,000 கெல்வினைத் தாண்டும் பெரும் நீல விண்மீன்களால்தான் அது முடியும். அவை சில பத்து லட்சம் ஆண்டுகளில் எரிந்து வெடித்துவிடும். ஆகவே ஒரு திரள் அயனியாக்கிக்கொண்டே இருக்கவேண்டுமானால், அது புதிய விண்மீன்களைப் பெற்றுக்கொண்டே இருக்கவேண்டும்.

ஒரு படத்தில் பல்லாயிரம் திரள்கள் இருக்கின்றன. மிகத் தொலைவிலுள்ளது இதுதான் என்று எப்படிப் பொறுக்குகிறார்கள்?

எது மறைகிறது என்று பார்த்துப் பொறுக்குகிறார்கள். நடுநிலை ஹைட்ரஜன், 121.6 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள ஒளியை வழியிலேயே விழுங்கிவிடும். அந்த 121.6 தான் லைமன் ஆல்ஃபா, ஹைட்ரஜன் உமிழவும் உறிஞ்சவும் செய்யும் ஓர் அலைநீளம். செம்பெயர்ச்சி 7-இல் இருக்கும் திரளுக்கு இந்த எல்லை எட்டு மடங்கு நீண்டு 973 நானோமீட்டரில் வந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதும் அதற்குக் கீழே இருப்பதால், அந்தத் திரள் நம் கண்ணின் நிறங்களில் இல்லவே இல்லை, அகச்சிவப்பில்தான் தோன்றும். செம்பெயர்ச்சி 14 என்றால் எல்லை 1,824 நானோமீட்டருக்குப் போய்விடும்.

ஆய்வுக் கட்டுரைகளில் இதற்காகவே ஒரு வரிசைப் படம் போடுவார்கள். தபால் தலை அளவுக் கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு வடிகட்டி வழியாக எடுத்தது. இடமிருந்து வலமாகப் பாருங்கள். முதல் கட்டத்தில் சாம்பல் நிற இரைச்சல் மட்டும், இரண்டாவதிலும் அதுதான், மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, எல்லாம் வெறுமை. ஆறாவதில் திடீரென்று நடுவே ஒரு கரும்புள்ளி (ஒளி கருப்பாகத் தெரியும்படி தலைகீழ் நிறத்தில் போட்ட படம் இது). ஏழாவதிலும் எட்டாவதிலும் அதே இடத்தில் அதே புள்ளி. பார்ப்பதற்கு அழுக்குத் தீற்றல் போல இருக்கும் அந்தப் புள்ளி, கோடிக்கணக்கான விண்மீன்களின் ஒளி. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த ஆறாவது கட்டத்தில் என் கண் நின்றுவிடுகிறது.

ஒரு நிறத்தில் மறைந்துவிட்டால் தொலைவில் இருக்கிறது என்று முடிவு செய்துவிடலாமா? ஏமாந்ததே இல்லையா?

ஏமாந்திருக்கிறார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் 2022 ஜூலையில் வந்த சில வாரங்களிலேயே, சீர்ஸ் என்ற ஆய்வுத் திட்டத்தின் படங்களில் 93316 என்ற எண்ணுள்ள ஒரு புள்ளி பரபரப்பை உண்டாக்கியது. செம்பெயர்ச்சி 16-ஐத் தாண்டும் என்று கணித்தார்கள். அடுத்த ஆண்டு நிறமாலை எடுத்துப் பார்த்தால் 4.9! தூசியால் சிவந்த திரள் அது. அதன் வாயுவிலிருந்து வந்த வலுவான உமிழ்வுக் கோடுகள் (குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும் குவிந்த ஒளி) சில வடிகட்டிகளில் மட்டும் சரியாகப் போய் விழுந்து, மேலே சொன்ன 'மறைவு' போன்ற தோற்றத்தை உண்டாக்கிவிட்டன. இதை யாருடைய தவறாகவும் நான் பார்க்கவில்லை. ஐயம் உண்டு என்று எழுதிவைத்தே அறிவித்தார்கள். தாங்களாகவே சரிபார்த்துத் திருத்தவும் செய்தார்கள்.

நிறத்தை வைத்துப் பொறுக்கியது வெறும் 'வேட்பாளர்'. நிறமாலை வந்த பிறகுதான் அது உறுப்பினர். வெப்பிலுள்ள நிறமாலைமானியில் சுமார் இரண்டரை லட்சம் நுண் கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அகலம், பத்தில் இரண்டு பங்கு நீளம். வேண்டிய திரள்களுக்கு நேரே உள்ள கதவுகளை மட்டும் திறந்து, ஒரே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட திரள்களின் நிறமாலையை எடுக்கலாம். தேடலின் வேகம் இவ்வளவு கூடியதற்கு இந்தக் கதவுகள் ஒரு பெரிய காரணம்.

ஹபிள்தான் இருந்ததே, அதனால் ஏன் முடியவில்லை?

கொஞ்சம் முடிந்தது. 2003-04-இல் ஒரு துளி வானத்தையே உற்று நோக்கி ஹபிள் எடுத்த மீயாழப் படத்தில் ஏறக்குறைய 10,000 திரள்கள் இருந்தன. ஆனால் அதன் பார்வை 1.7 மைக்ரோமீட்டர் வரைதான். அதற்கு மேல் நீண்ட ஒளிக்கு அது குருடு. ஆடியும் 2.4 மீட்டர்தான். வெப்பின் ஆடி 6.5 மீட்டர், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, நிழற்திரைக்குப் பின்னால் கடுங்குளிரில் இருப்பதால் அதன் சொந்த வெப்பம் பார்வையைக் கெடுப்பதில்லை.

இப்போதைக்கு மிகத் தொலைவிலுள்ளது எது? அதுதான் மறு அயனியாக்கத்தைத் தொடங்கியதா?

நிறமாலையால் உறுதிசெய்யப்பட்டவற்றில், இதை எழுதும்போது எனக்குத் தெரிந்து முன்னணியில் இருப்பது மாம்-இசட்14. செம்பெயர்ச்சி 14.44, பெருவெடிப்புக்குப் பின் 28 கோடி ஆண்டு. அதற்கு முன் ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 இருந்தது. இந்தப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் சாதனை படைத்தவையே வேலையை முடித்தவை என்று நினைக்கவேண்டாம். இவ்வளவு தொலைவிலிருந்தும் தெரிகின்றன என்றால் அவை விதிவிலக்காகப் பிரகாசமானவை, எண்ணிக்கையில் அரிதானவை. முழு அண்டத்தையும் அயனியாக்க எத்தனை பேர் தோள் கொடுத்தார்கள் என்பது வேறு கேள்வி. அதுதான் அடுத்தது.

அப்படியானால் வேலையைச் செய்தவை பெரிய திரள்களா, சின்னத் திரள்களா?

இன்றைய சாட்சியம் சின்னத் திரள்கள் பக்கம் சாய்கிறது. ஊர் கூடித் தேர் இழுத்த கதை போல. அவற்றைப் பார்ப்பதுதான் பெரும்பாடு, ஏனென்றால் வெப்புக்கே அவை மங்கல். இங்கே இயற்கை ஓர் உதவி செய்கிறது. ஏபெல் 2744 என்ற விண்மீன் திரள்களின் பெருங்கொத்தின் ஈர்ப்பு, தனக்குப் பின்னாலிருந்து வரும் ஒளியை வில்லை போல வளைத்துப் பெரிதாக்குகிறது. அதன் வழியே பார்த்த ஒரு குழு, செம்பெயர்ச்சி 6-க்கும் 7.7-க்கும் இடைப்பட்ட எட்டு மிக மங்கலான திரள்களின் நிறமாலையை 2024-இல் வெளியிட்டது. ஒவ்வொன்றும், முன்பு நினைத்ததைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அயனியாக்கும் ஃபோட்டான்களை உற்பத்தி செய்தது. அவற்றில் ஐந்து சதவீதம் வெளியே தப்பினாலே மறு அயனியாக்கத்துக்குப் போதும் என்பது அவர்கள் கணக்கு.

எட்டு என்பது சின்ன எண்ணிக்கை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. ஒரு திசையில் திரள்கள் நெருக்கமாகவும் இன்னொரு திசையில் இடைவெளி விட்டும் இருக்கும். பிரகாசமான திரள்கள் சிலவே பெரும் பங்கு ஆற்றின என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாதம் முழுக்க 'தப்பும் விகிதம்' என்ற ஒன்றைச் சார்ந்தது.

தப்பும் விகிதம் என்றால் என்ன? ஒளி எதிலிருந்து தப்பவேண்டும்?

சொந்த வீட்டிலிருந்துதான். நீல விண்மீன்கள் பிறக்கும் இடம் அடர்ந்த வாயு மேகம். அவை உமிழும் ஃபோட்டானுக்கு முதலில் எதிர்ப்படுவது வெளி அண்டத்து ஹைட்ரஜன் அல்ல, அதே திரளின் ஹைட்ரஜன். பெரும்பாலானவை அங்கேயே செலவாகிவிடும். விண்மீன்கள் வெடிக்கும்போது வாயுவில் துளைகள் விழும். அவற்றின் வழியே தப்புவதுதான் வெளியேறும். ஒரு திரள் நூறு ஃபோட்டான்களைச் செய்து எத்தனையை வெளியே விடுகிறது என்பதே தப்பும் விகிதம். இந்தத் துறை முழுவதும் தேடிக்கொண்டிருக்கும் எண் இதுதான் என்பேன்.

சரி, அப்படித் தப்பிய ஒளியை நேரடியாகவே அளந்துவிடலாமே? வெப் பார்க்கவில்லையா?

பார்க்க முடியாது. இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். ஹைட்ரஜனை உடைத்த ஃபோட்டான் அந்த வேலையில் செலவாகிவிட்டது. அந்தக் காலத்துத் திரள் ஒன்றின் 91.2 நானோமீட்டருக்குக் குறைவான ஒளி நம்மை வந்து சேராமல் வழியிலுள்ள ஹைட்ரஜன் தடுத்துவிடுகிறது. வெப்பை விடப் பத்து மடங்கு பெரிய தொலைநோக்கி கட்டினாலும் இதே கதைதான். எந்த ஒளியைப் பற்றி விசாரிக்கிறோமோ, அந்த ஒளி மட்டும் சாட்சிக் கூண்டுக்கு வராது. நாம் பார்ப்பது அதே திரளின் நீண்ட அலைநீள ஒளியை மட்டும்தான்.

அதனால், வழியில் ஹைட்ரஜன் குறைவாக உள்ள பிற்காலத்தில், அதே சாயலுள்ள திரள்களைத் தேடுகிறார்கள். கேலக்ஸி ஸூ திட்டத்தில் திரள் படங்களை வகைப்படுத்திக்கொண்டிருந்த தன்னார்வலர்கள், உருண்டையாகப் பச்சை நிறத்தில் தெரிந்த சில புள்ளிகளைக் கவனித்துச் சேகரித்தார்கள். 'பச்சைப் பட்டாணி' என்று பெயரும் வைத்தார்கள். சின்னவை, நெருக்கமானவை, வெறித்தனமாக விண்மீன்களைப் பெற்றெடுப்பவை. ஹபிள் 2016-இல் அவற்றில் ஒன்றில் தப்பும் விகிதம் 8 சதவீதம் என்று அளந்தது. பின்னர் இன்னொன்றில் 72 சதவீதம்! இந்தியாவின் அஸ்ட்ரோசாட் விண்வெளித் தொலைநோக்கியும் இதில் பங்கு கொண்டது. 930 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு திரளிலிருந்து தப்பிய கடும் புறஊதா ஒளியை அது பிடித்ததை, கனக் சாகா தலைமையிலான குழு 2020-இல் வெளியிட்டது. இந்த உறவினர்களின் நிறமாலையில் 'தப்பவிடுபவர்' அடையாளங்கள் எவை என்று படித்துக்கொண்டு, அதே அடையாளங்களைத் தொலைதூரத் திரள்களில் தேடுகிறார்கள். ஆக, கிடைப்பதெல்லாம் சூழ்நிலைச் சாட்சியம். ஆனால் பல திசைகளிலிருந்து வந்து ஒரே இடத்தில் கூடும் சாட்சியம்.

திரளையும் குமிழியையும் சேர்த்துப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

உண்டு, எல்லாச் சாட்சியங்களிலும் எனக்கு மிகப் பிடித்தது அது. ஈகர் என்ற திட்டம் ஒரு பிரகாசமான குவாசரை நோக்கி வெப்பைத் திருப்பியது. குவாசரின் ஒளி, வழியில் எங்கெங்கே வாயு தெளிவாக இருக்கிறது என்று காட்டியது. வெப்பின் படம் எங்கெங்கே திரள்கள் இருக்கின்றன என்று காட்டியது. இரண்டையும் பொருத்தியபோது, பெருவெடிப்புக்குப் பின் சுமார் 90 கோடி ஆண்டில், திரள்களைச் சுற்றி ஏறக்குறைய 20 லட்சம் ஒளியாண்டு ஆரத்துக்கு வாயு தெளிந்திருந்தது 2023-இல் தெரியவந்தது.

நடுநிலை ஹைட்ரஜன் லைமன் ஆல்ஃபாவை விழுங்கும் என்றீர்கள். பிறகு செம்பெயர்ச்சி 13-இல் லைமன் ஆல்ஃபா தெரிந்தது எப்படி?

நல்ல பிடி. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்13-1 என்ற திரளில், பெருவெடிப்புக்குப் பின் 33 கோடி ஆண்டிலேயே லைமன் ஆல்ஃபா ஒளி வீசியதாக 2025-இல் வந்த முடிவு துறையில் உள்ளவர்களையே திகைக்க வைத்தது. ஒளி கிளம்பிய இடத்தைச் சுற்றிப் பெரிய அயனிக் குமிழி இருந்தால், அதைக் கடப்பதற்குள் விரிவினால் அலைநீளம் கொஞ்சம் நீண்டுவிடும். குமிழிக்கு வெளியே உள்ள நடுநிலை ஹைட்ரஜனால் பிறகு அதைப் பிடிக்க முடியாது. அப்படியானால் அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு பெரிய குமிழியை ஊதியது யார்? மிக வெப்பமான முதல் தலைமுறை விண்மீன்களா, நடுவிலுள்ள கருந்துளையா? இன்னும் முடிவாகவில்லை.

கருந்துளைகளே முழு வேலையையும் செய்திருக்கலாமே?

ஹீலியம் இதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. ஹீலியத்தின் இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க 54.4 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். விண்மீன்களால் அது பெரும்பாலும் முடியாது. குவாசர்களால் எளிதாக முடியும். கருந்துளைகள்தான் முக்கிய ஆள் என்றால் ஹீலியமும் சீக்கிரமே முழுவதும் உடைந்திருக்கும். ஆனால் அது செம்பெயர்ச்சி 3 அளவில், நூறு கோடி ஆண்டுக்கு மேல் தாமதமாகத்தான் நடந்தது. வெப் கண்டுபிடித்த 'சிறு செம்புள்ளிகள்' (வளரும் கருந்துளைகளாக இருக்கலாம் என்று கருதப்படும் சிறிய சிவந்த பொருள்கள்) இந்தக் கேள்வியை மறுபடி எழுப்பியிருக்கின்றன என்பது உண்மை. துணைப் பங்கு இருக்கலாம்.

முதல் தடவை அயனியாக இருந்தபோது அண்டம் ஒளி புகாத மூட்டமாக இருந்தது. மறுபடி அயனியானால் மறுபடி மூட்டம் வரவேண்டாமா?

கேட்டவர் ஒரு பள்ளி மாணவி. அன்று வந்த கேள்விகளிலேயே கூர்மையானது. தனித்த எலக்ட்ரான் ஒளியைச் சிதறடிக்கும். அது இரண்டு காலத்துக்கும் பொது. வேறுபாடு நெருக்கத்தில் இருக்கிறது. அணுக்கள் முதன்முதலாகச் சேர்ந்த செம்பெயர்ச்சி 1,100-க்கும் 7-க்கும் இடையே அண்டம் ஒவ்வொரு திசையிலும் 130 மடங்குக்கு மேல் விரிந்துவிட்டது. ஆகவே கன அளவில் இருபது லட்சம் மடங்குக்கும் மேல் நீர்த்துவிட்டது. செம்பெயர்ச்சி 7-இல் ஒரு கன மீட்டருக்குச் சராசரியாக நூறு ஹைட்ரஜன் அணுக்கள்கூடத் தேறாது. அந்த இடைவெளியில் ஒளி தாராளமாகப் புகுந்து போகும். ஆனாலும் சிறிது சிதறல் நடந்தது. நுண்ணலைப் பின்னணி ஃபோட்டான்களில் நூற்றுக்கு ஐந்து சிதறியிருக்கின்றன என்று பிளாங்க் அளந்தது. இரண்டாவது பதிலில் சொன்ன காலக் கணக்கு இந்த ஐந்திலிருந்து வந்ததுதான்.

திரள்களை விட்டுவிட்டு, அந்த ஹைட்ரஜனையே நேராகப் பார்க்க முடியாதா?

முடியும், ரேடியோவில். நடுநிலை ஹைட்ரஜன் 21 செ.மீ. அலையை வெளியிடும்; அதிர்வெண் 1,420 மெகாஹெர்ட்ஸ். செம்பெயர்ச்சி 13-இலிருந்து வரும்போது அது 101 மெகாஹெர்ட்ஸாக இறங்கி எஃப்.எம். வானொலி அலைவரிசைக்குள்ளேயே வந்து விழும். நம் பால்வீதியின் ரேடியோ இரைச்சலோ அதைவிடப் பல ஆயிரம் மடங்கு உரத்தது. 2018-இல் ஆஸ்திரேலியாவிலிருந்த எட்ஜஸ் கருவி, இன்னும் முந்தைய காலத்திலிருந்து 78 மெகாஹெர்ட்ஸில் ஒரு தடயம் கிடைத்ததாக அறிவித்தது. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தினர், நிலத்தின் குறுக்கீட்டைத் தவிர்க்க, சாரஸ் 3 என்ற தங்கள் கருவியைக் கர்நாடகத்து நீர்த்தேக்கங்களில் மிதக்கவிட்டு அளந்தார்கள். அந்தத் தடயம் அங்கே கிடைக்கவில்லை என்று 2022-இல் வெளியிட்டார்கள். இல்லை என்று சொல்வதற்கும் இவ்வளவு உழைப்பு தேவைப்படுகிறது. தென் ஆப்பிரிக்காவில் ஹெரா என்ற ஆன்டெனாக் கூட்டம் இதே தேடலில் இருக்கிறது.

இப்போது ஃபோட்டான் பற்றாக்குறை போய், அதிகமாகிவிட்டது என்கிறார்களே, அது என்ன?

ஒரு காலத்தில் கவலை, தெரிந்த திரள்கள் போதுமா என்பதாக இருந்தது. இன்று கணக்கு மறுபக்கம் உதைக்கிறது. வெப் காட்டும் திரள்களின் எண்ணிக்கை, எட்டுத் திரள்களில் கண்ட உற்பத்தி, பச்சைப் பட்டாணி வகையறாவில் அளந்த தப்பும் விகிதம் மூன்றையும் பெருக்கினால், மறு அயனியாக்கம் பிளாங்க் அனுமதிப்பதைவிடச் சீக்கிரமே முடிந்திருக்கவேண்டும் என்று 2024-இல் ஒரு குழு சுட்டிக்காட்டியது.

மூன்றில் ஏதோ ஒன்று மிகை. என் ஊகம் தப்பும் விகிதத்தின் மேல். நேரில் அளக்க முடியாத எண் அது ஒன்றுதான். தொடக்க காலத் திரள்கள் இன்றைய உறவினர்களைப் போலத் துளை விழுந்தவையாக இல்லாமல், வாயுவை இறுகப் போர்த்தியிருந்திருக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. உடைந்த புரோட்டானும் எலக்ட்ரானும், வாயு கட்டியாக இருக்கும் இடங்களில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒரே அணுவைப் பலமுறை உடைக்கவேண்டி வந்தால் உபரி ஃபோட்டான்கள் அதில் தீர்ந்துவிடும். வாயு அன்று எவ்வளவு கட்டிகட்டியாக இருந்தது என்பதைக் குவாசர் நிறமாலைகளிலிருந்து அளக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.